சத்தம் வருது, பேச்சு வரலை

போன வாரம் டிரைவிங் மாஸ்டர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, "எடுத்துட்டுப் போகட்டும், கழுத்து மிஞ்சினா சரி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு வீடு வந்து சேரும்வரைகூட நிற்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், இறங்கும் இடம் வந்து மனைவி தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தார்.

குரல்வளையில் வந்திருக்கும் கட்டியைக் குரல்வளையோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக் காலை ஆபரேஷன். இன்று சாயங்காலம் போய் அட்மிட் ஆக வேண்டும். அதற்கப்புறம் மாஸ்டருக்குக் குரல் கிடையாது. பின்னால் வேறு வழிகள் உண்டாம், கருவி உண்டாம், பயிற்சி உண்டாம். அதெல்லாம் கைகூட மாதக்கணக்கில் ஆகும். கைகூடினாலும் வருவது இந்தக் குரல் இல்லை.

"அதுவரைக்கும் ஒரு டேப்லெட் வாங்கி, வேண்டியதையெல்லாம் அவர் குரல்லயே பதிவு பண்ணி வெச்சுக்குங்க. பட்டனைத் தொட்டா அவரே பேசற மாதிரி இருக்கும்" என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் யோசனை சொல்லியிருந்தாள்.

டேப்லெட் என்றதும் மாஸ்டர் மகளைத் திரும்பிப் பார்த்தார். மகளின் பிழைப்பே அதுதான்.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். முப்பதைத் தொடப்போகிறாள், எலக்ட்ரானிக்ஸ் கடையின் மாடியில் நாலு பேரை மேய்க்கிறாள், இருந்தும் வீட்டில் வாலுதான். டேப்லெட் கேட்டு வருகிறவர்களை உட்கார வைத்து, சிரிக்க வைத்து, கையில் பையோடு அனுப்பி வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

இன்று காலை கடை திறந்த கையோடு அவளே வாங்குகிறவளாகப் போய் நின்றாள். கூட வேலை செய்கிறவர்களுக்கு விஷயம் தெரியும். ஒருவரும் கிட்டே வரவில்லை. மேனேஜர் மட்டும் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டு, சத்தம் காட்டாமல் நழுவிவிட்டார்.

மூன்றை எடுத்து வரிசையாக வைத்தாள்.

மலிவானது எடுத்த எடுப்பிலேயே கழிந்தது. அதை ஒரு தடவை தொட்டால் போதாது, இரண்டாம் தடவையும் தொட வேண்டும். பேச வாயில்லாத மனுஷர் தண்ணீர் கேட்டுப் பட்டனைத் தொட்டுவிட்டுக் காத்திருப்பதை நினைத்ததும் அதைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள்.

விலை கூடியது பேரழகு. நாலு மூலையிலும் ஸ்பீக்கர், விரல் வைக்கும் முன்பே புரிந்துகொள்கிற வேகம். ஆனால் அப்பாவை அவளுக்குத் தெரியாதா? அவ்வளவு விலையில் வாங்கிக் கொடுத்தால் துண்டில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். கேட்டால், "நல்லது கெட்டதுக்கு எடுத்துக்கலாம்" என்பார். அவருடைய பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சட்டை இன்னும் மடிப்புக் கலையாமல் அங்கேதான் இருக்கிறது. பீரோவுக்குள் பூட்டிய வாய் யாருக்கு உதவும்?

மிச்சம், நடுவில் இருந்தது. அவள் அதிகமாக விற்பது அதைத்தான். "இந்த விலைக்கு இது தாராளமாப் போதும்" என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அதே 'போதும்' வாயில் வரவில்லை. ஒரு மனுஷருடைய வாய்க்கு எதைப் போதும் என்று சொல்வது?

விற்கிறவள் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தாள். திரை பெரிது. எழுத்து குண்டுகுண்டாகத் தெரிகிறது, மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டாம். ராத்திரி சார்ஜ் போட்டால் மறுநாள் முழுக்கத் தாங்கும். அப்பா எதற்கும் சார்ஜ் போட மறக்கிறவர், அந்த வகையில் இது பெரிய புண்ணியம். மார்மேல் வைத்துக்கொண்டு படுத்தாலும் கனக்காது. தடித்த உறை போட்டால் கை தவறினாலும் கவலை இல்லை.

குறை இல்லாமலா? தூங்குகிற திரையைத் தட்டினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கண் விழிக்கும். அதில் படம் எடுத்தால் ஆள் யார் என்று விசாரிக்க வேண்டியிருக்கும். ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்தாள், வெயிலில் பட்டன் ஒன்றும் தெரியவில்லை, தன் முகம்தான் தெரிந்தது. டிரைவிங் கற்றுக்கொடுக்கிற மைதானத்தில் நின்று அப்பா இதை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். வாயில்லாத மாஸ்டரை மைதானத்துக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்?

கடைசியாக ஸ்பீக்கர். இரண்டே இரண்டு, இரண்டும் ஒரே ஓரத்தில். ஒரு பாட்டைப் போட்டாள். சத்தத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் மெலிந்த சத்தம். பாடுகிறவர் மட்டும் வந்திருக்க, தாளம் போடுகிறவர் லீவு போட்டுவிட்ட மாதிரி அடிச்சத்தமே இல்லை. இந்தக் குறைக்கு அவளிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். "பாட்டுக் கேக்கணும்னா ஹெட்போன் போட்டுக்குங்க சார்." அப்பா என்ன கச்சேரியா கேட்கப் போகிறார் என்று அந்தக் குறையை ஒதுக்கிவிட்டு அதையே வாங்கினாள்.

"யாருக்குங்க வாங்கறீங்க?" என்பதுதான் எந்த வாடிக்கையாளரிடமும் அவள் கேட்கிற முதல் கேள்வி. இன்று தன்னையும் அதைக் கேட்டுக்கொண்டாள். அப்பாவுக்கு என்று பதிலும் சொல்லிக்கொண்டாள். அந்தப் பதில் பாதிதான் சரி என்று அவளுக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்குப் போனபோது மாஸ்டர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜைமுன் உட்கார்ந்திருந்தார்.

"குரலைப் பதிவு பண்றதுக்கு எதுக்குப்பா சட்டை?"

"பேசப்போறது நான்தானே" என்றார்.

மாஸ்டரின் குரல் அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். நல்ல கனம். கட்டி வந்தபிறகு கரகரப்பு சேர்ந்துகொண்டதே தவிர, கனம் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெடவெடக்கிறவர்கள்கூட அவர் பக்கத்தில் இருந்து, "ஒண்ணும் ஆகாது, மெதுவா" என்றால் அடங்கிவிடுவார்கள். ஒரே தொல்லை, எதையும் இரண்டு தடவை சொல்வார். வீட்டிலும் அப்படித்தான். யார் எதைச் சொன்னாலும் அதை வாங்கி அம்மாவிடம் ஒருமுறை திருப்பிச் சொன்னால்தான் அவருக்குத் தூக்கம் வரும். வாலு அவருக்கு ரிப்பீட்டு என்று பேர் வைத்து வருஷங்கள் ஆகின்றன.

அவள் மேஜைமேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து, பதிவு பட்டனைத் தொட்டாள்.

"தண்ணீர் வேண்டும்" என்றார் மாஸ்டர்.

"அப்பா, செய்தி வாசிக்காதீங்க. எப்பவும் எப்படிக் கேப்பீங்களோ அப்படிக் கேளுங்க."

"எப்பவும் நான் கேட்டதே இல்லையே. உங்கம்மா தானா கொண்டுவந்து வெச்சிடுவா."

வாலு அடுத்த பட்டனுக்குப் போனாள். "வலிக்குதுன்னு சொல்லுங்க."

"அது வேண்டாம். வலிக்கலைன்னு ஒண்ணு போடு. அதான் அடிக்கடி தேவைப்படும்."

இப்படியே போயிற்று. சிரிப்பு வந்த இடத்தில் சிரித்தார்கள், இருமல் வந்த இடத்தில் நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த வாக்கியங்கள் முடிந்ததும் மாஸ்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப நான் சொல்றதைப் போடு. காலிங் பெல் அடிக்குது, போய்ப் பாரு."

போட்டாள்.

"போன் அடிக்குது. வாஷிங் மெஷின் கூப்பிடுது பாரு. கார்க்காரன் ஹாரன் அடிக்கறான், ஓரமா வா."

"இதெல்லாம் எதுக்குப்பா? அம்மா என்ன செவிடா?" என்று வாலு சிரித்தாள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "போடு" என்றார். "அடுத்தது, வாலு உன்னைக் கூப்பிடறா."

"அதையும் பதிவு பண்ணணுமா?"

"அதுதான் முக்கியம்."

குரல் போகப் போகிற பயத்தில் ஏதோ சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவர் இருமி முடித்ததும், பதிவு செய்வது எப்படி, பட்டனுக்குப் பேர் வைப்பது எப்படி என்று அவருக்கும் கற்றுக் கொடுத்தாள். மாணவராக மாஸ்டர் மோசம் இல்லை. ஒரு தடவை சொன்னாலே பிடித்துக்கொண்டார்.

மதியம் தாண்டி அம்மா வேலையிலிருந்து வந்தாள். பழச்சாறு அடைக்கிற தொழிற்சாலையில், பாட்டில் கழுவும் வரிசையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நிற்கிறவள். "இன்னைக்குமாம்மா போகணும்?" என்று காலையில் வாலு கேட்டதற்கு, இனிமேல்தான் நிறைய லீவு வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

வந்ததும் குழாயடியில் போய்க் கை கழுவ ஆரம்பித்தாள். மாஸ்டர் மகளுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு ஒரு பட்டனைத் தொட்டார்.

"காலிங் பெல் அடிக்குது, போய்ப் பாரு" என்றது டேப்லெட்.

அம்மா கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்று கூப்பிட்டாள் வாலு. அதற்கும் திரும்பவில்லை.

"இந்தா" என்றார் மாஸ்டர், சொந்தத் தொண்டையில், சத்தம்கூடப் போடாமல். அம்மா உடனே திரும்பினாள்.

டேப்லெட்டை மேஜைமேல் அவளுக்கு நேராக வைத்தார்கள். மாஸ்டர் மறுபடி தொட்டார். அம்மா குனிந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

"யாரு இதுல பேசறது?"

"அப்பாதாம்மா. சரியாக் கேளு."

வாலு சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டு ஒவ்வொரு பட்டனாகத் தொட்டாள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அம்மா மகள் முகத்தைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

"சத்தம் வருது" என்றாள் தயங்கி. "பேச்சு வரலை."

மாஸ்டரின் முகம் செத்துவிட்டது. கையை டேப்லெட் மேலிருந்து எடுத்துக்கொண்டு, "சரி விடு, பழகினா வரும்" என்று எழுந்து, ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைக்க உள்ளே போனார்.

வாலுவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அடுப்பைத் துடைக்கப் போன அம்மாவின் பின்னாலேயே போனாள்.

"ஏம்மா இப்படிப் பண்றே? காலையில இருந்து மனுஷன் தொண்டை வலியோட உக்காந்து பேசியிருக்காரு. கேக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் என்ன? நாளைக்கு அவருக்கு என்ன ஆகும்னு உனக்குக் கவலையே இல்லையா?"

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே நிதானமாகத் திரும்பத் துடைத்தாள். பதில் இல்லை. கோபத்தில் பேசாமல் இருக்கிறவளின் முதுகு மாதிரியும் அது இல்லை.

வாலு சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"என்னடி, எப்ப வந்தே?" என்றாள் அம்மா.

காலிங் பெல், போன், வாஷிங் மெஷின், வாலு உன்னைக் கூப்பிடறா. அப்பா அடுக்கிய வாக்கியங்கள் எல்லாம் ஒரே மூச்சில் அவளுக்கு அர்த்தமாகின.

"எவ்வளவு நாளாம்மா?"

எதைக் கேட்கிறாள் என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அடுப்புத் துணியை மடித்து வைத்தாள்.

"உனக்கும் உங்கப்பாவோட அண்டங்காக்காக் குரல் இருந்திருந்தா உனக்கும் பதில் சொல்லியிருப்பேன்" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "பாட்டில் கழுவற இடம்டி அது. நாள் பூரா கிணிங் கிணிங்னு. கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. முதல்ல பறவைச் சத்தம் போச்சு, அப்புறம் பெல்லு, அப்புறம் பொம்பளைங்க பேச்சு. கேக்கலைன்னு தெரிஞ்சா வரிசையில நிக்க விட மாட்டாங்க, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதான் யார்கிட்டயும் மூச்சு விடலை."

"அப்ப நான் பேசறது?"

"உன் உதட்டைப் பாத்துத்தான் பேசறேன். நீ திரும்பி நின்னுட்டா எனக்கு நீ இல்லை."

வாலுவுக்குப் பள்ளிக்கூட நாட்களில் அறைக்குள்ளிருந்து அழுதுகொண்டே அம்மா அம்மா என்று கூப்பிட்டதும், அம்மா வராததும், அதற்காக வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததும் ஞாபகம் வந்தன. அம்மாவுக்குத் தன்மேல் பாசம் கம்மி என்று இத்தனை வருஷமாக உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அவளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்குத்தான் தெரியும். உங்கப்பா பேச்சு மட்டும் அடியில இருந்து வரும். அது எனக்கு அப்படியே கேக்கும். நீங்கள்லாம் பேசறதை அவர் வாங்கி எனக்குச் சொல்வாரு, நானும் உங்களோட வாழ்ந்துட்டேன்." அம்மா மகளின் கையைப் பிடித்தாள். "அந்தப் பெட்டியில மேல இருக்கற சத்தம்தான்டி வருது. அவர் குரல்ல எனக்குக் கேக்கறது எதுவோ, அது அதுல வரலை."

நாலு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்ததைக் கண்ணாடி மேஜையில் தள்ளி வைத்தது நினைவுக்கு வந்தது. அதில் மட்டும் அம்மாவுக்குக் கேட்டிருக்குமா, தெரியாது. யார் பேசப்போகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து வாங்கினாளே ஒழிய, யார் கேட்கப்போகிறார்கள் என்று யோசிக்கவில்லை. அந்தக் கேள்வியை அவள் எந்த வாடிக்கையாளரிடமும் கேட்டதில்லை, தன்னிடமும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்தார்கள். மாஸ்டர் இஸ்திரிச் சட்டையைக் கழற்றிவிட்டு அவர்கள் கொடுத்த வெளிர் நீல அங்கியை மாட்டிக்கொண்டதும் திடீரென்று நோயாளியாகிவிட்டார். நர்ஸ் சம்மதப் படிவத்தையும் பேனாவையும் கொண்டுவந்து நீட்டினாள்.

மாஸ்டர் வாங்கினார். படித்தார். பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு வாரம் கழிச்சு வெச்சுக்கலாமா சிஸ்டர்?"

"டாக்டர் உங்ககிட்ட எல்லாம் சொன்னாருதானே? நாளைக்கு விட்டா அவருக்கு எப்பத் தேதி கிடைக்கும்னு தெரியாது. அதுவரைக்கும் அது சும்மா இருக்காது." அவள் அம்மாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "பேசி முடிவு பண்ணுங்க. நான் டியூட்டி முடிச்சுப் போறதுக்குள்ள கையெழுத்து வேணும்."

நர்ஸ் போனதும் அம்மா கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாலு சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மூடிய பேனாவைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஏங்க இப்படிப் பண்றீங்க?"

"பேச்சு இல்லாம நான் இருந்துக்குவேன்" என்றார் மாஸ்டர். "நீ எப்படி இருப்பே? வீட்டுக்குள்ள ஆள் இருக்கறதே உனக்குத் தெரியாமப் போயிடும். அப்படி ஒரு வீட்ல உன்னை விட்டுட்டு நான் எதுக்குப் பிழைக்கணும்?"

"பேச்சு இருந்து நீங்க இல்லைன்னா மட்டும் எனக்குக் கேட்டுடுமா?"

அவர் தலையணையைத் தட்டிச் சரி செய்தார்.

"மத்தியானம் குழாய்த் தண்ணி சத்தத்துல ஒண்ணும் பிடிபடலை" என்றாள் அம்மா. "வேலையில இருந்து வந்த அலுப்பு வேற. இப்பப் போடுங்க, கேக்கும்."

மாஸ்டர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு வாலுவைப் பார்த்தார்.

"சரி. ரெண்டு பேரும் கீழே போய் ஏதாவது சாப்பிட்டு வாங்க. அதுக்குள்ள நானும் இதைக் கொஞ்சம் பழகிக்கறேன். வந்ததும் டெஸ்ட்டு. ஒண்ணு தப்பினாலும் லைசென்ஸ் கிடையாது."

கேன்டீனில் அம்மா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாள், வாயில் போடவில்லை.

"மேனேஜர்கிட்டச் சொல்லி நாளைக்கு மாத்திடறேம்மா. நல்ல ஸ்பீக்கர் இருக்கறது ஒண்ணு இருக்கு" என்றாள் வாலு, உதடு நன்றாகத் தெரியும்படி.

"நாளைக்கு எதை வேணா மாத்து. இன்னைக்கு அவர் கையெழுத்துப் போடணும்." அம்மா குனிந்து மெல்லப் பேசினாள். "அவர் எனக்கு நேரா உக்காருவாரு. நீ அவர் முதுகுக்குப் பின்னால ஜன்னல் ஓரமா நில்லு. அது என்ன சொல்லுதோ, சத்தமில்லாம வாயை மட்டும் அசை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"அப்பாவை ஏமாத்தறோமேம்மா."

"உசிரோட இருந்தா அப்புறம் வந்து சண்டை போடட்டும்."

அவர்கள் மேலே போனபோது மாஸ்டர் கட்டில் விளிம்பில் கால் தொங்கப்போட்டு, டேப்லெட்டின் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். அம்மா எதிரே உட்கார்ந்தாள். வாலு போன் பார்க்கிற சாக்கில் அவருக்குப் பின்னால் ஜன்னலோரம் போய் நின்றாள்.

முதல் பட்டன். "மாத்திரை போட்டியா?"

வாலு வாயசைத்தாள்.

"நீங்க ஞாபகப்படுத்தாம என்னைக்குப் போட்டிருக்கேன்?" என்றாள் அம்மா.

இரண்டாவது. "போன் அடிக்குது."

"அடிச்சா அடிக்கட்டும். இப்ப யாரு எடுக்கறது?"

மூன்றாவதில் அம்மாவின் கண் கொஞ்சம் அதிக நேரம் அவர் தோளுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"எங்க பாக்கறே?" என்றார் மாஸ்டர்.

"உங்க மூஞ்சியப் பாத்தா அழுகை வருது. அதான் வேற எங்கயாவது பாக்கறேன்." அது பொய்யில்லை. வாலு ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வெளிய போறேன், கதவைச் சாத்திக்கோன்னு சொல்றீங்க. சாத்திக்கறேன். நீங்க திரும்பி வந்தா திறக்கறேன்."

மாஸ்டர் மெல்லத் தலையாட்டினார். விரல் திரைமேல் இன்னொரு இடத்துக்குப் போயிற்று. அந்தப் பட்டனை வாலு அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். அதற்குப் பேர் வைத்திருக்கவில்லை. காலையில் அவள் பதிவு செய்ததும் இல்லை.

டேப்லெட் மெலிந்த குரலில் பேசியது. பின்னணியில் ஆஸ்பத்திரி மின்விசிறியின் சத்தம் கேட்டது.

"உனக்கு இது கேக்காதுன்னு எனக்குத் தெரியும். வாலு எனக்குப் பின்னாடி நின்னு உனக்குச் சொல்லிக் குடுப்பா, அதுவும் தெரியும். நான் திரும்பிப் பாக்க மாட்டேன். நான் பிழைக்கணும்னு நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு தூரம் வந்தப்புறம் என்னால மாட்டேன்னு சொல்ல முடியலை. கையெழுத்துப் போட்டுடறேன். இதை உன்கிட்ட நேராச் சொன்னா உடைஞ்சுடுவேன்."

வாலுவின் உதடு அசையவில்லை. அசைக்க முயன்றாள், துடித்ததே தவிர ஒரு வார்த்தைக்கும் அது உருவம் கொடுக்கவில்லை. கண் நிறைந்து எதிரே இருப்பதெல்லாம் கலங்கிப்போயிற்று.

அம்மா காத்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பார்வையை இறக்கிப் புருஷனை நேராகப் பார்த்து, "சரிங்க" என்றாள்.

மாஸ்டர் திரும்பிப் பார்க்கவே இல்லை. டேப்லெட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பேனாவைத் திறந்து, படிவத்தில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

பார்வையாளர்கள் நேரம் முடிந்தது என்று வராந்தாவில் மணி அடித்தார்கள். அம்மா அவர் கழுத்துவரை போர்வையை இழுத்து விட்டாள். "காலையில வந்துடறோம்" என்றாள். அவர் அவள் கையை ஒரு தடவை அழுத்தினார், அவ்வளவுதான். கையெழுத்தான தாள் கட்டில்மேல் கிடந்தது. நர்ஸ் இன்னும் வாங்கிக்கொண்டு போகவில்லை.

வார்டு கதவைத் தாண்டியதும் அம்மா மகளைப் பிடித்து நிறுத்தி, தன்னைப் பார்க்கத் திருப்பினாள்.

"கடைசியா என்னடி சொன்னாரு?"

"ராத்திரி சாப்பிடாமத் தூங்காதேன்னாரும்மா."

"அதுக்கா நீ அப்படி அழுதே?"

வாலு வாயைத் திறந்தாள், மூடினாள். சொன்னால் அம்மா தாங்குவாளா? சொல்லாவிட்டால், நாளைக்கு அவர் வாயைத் திறந்து அதைச் சொல்லவே முடியாதே? எது பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை. விற்கிற வாய் கெட்டிக்கார வாய் என்று பேர், அந்த நேரத்தில் அது ஒன்றுக்கும் உதவவில்லை.

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் அவள் உதட்டையே பார்த்தாள்.

"நான் அவரையே கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, வார்டு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

கதவோரம் ஸ்டூலில் இருந்த வாட்ச்மேன் எழுந்தார். "அம்மா, டைம் முடிஞ்சுது. இனிமே உள்ள விட மாட்டாங்க. அம்மா, உங்களைத்தான், நில்லுங்க."

அம்மா நிற்கவில்லை. வாட்ச்மேன் அவள் பின்னாலேயே போக அடியெடுத்தபோது வாலு குறுக்கே வந்து நின்றாள்.

"விட்டுடுங்க அண்ணா. அவங்களுக்குக் காது கேக்காது."

இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்த விஷயம், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் வெளியே வந்துவிட்டது. வாட்ச்மேன் தயங்கினார். வராந்தாக் கோடியில் அம்மா அப்பாவின் அறைக்குள் நுழைவது கண்ணாடி வழியே தெரிந்தது.

"காது கேக்காதுன்னா இந்நேரத்துல உள்ள போய் என்னம்மா பேசப்போறாங்க?"

"எங்கப்பா பேசினா கேக்கும்" என்றாள் வாலு. "காலை வரைக்கும் கேக்கும்."